பழைய டிகோய் தாராவுக்கு என்ன பெயின்ற் அடிக்கலாம்?

வடமராட்சியான்:
எல்லாருக்கும் வணக்கம். என்ர பெரியப்பா ரொறன்ரோவில இருந்தவர், அங்க லைசன்ஸ் எடுத்து தாரா வேட்டைக்குப் போறவர், போன வருசம் மோசம் போயிட்டார். பெரியம்மா அனுப்பின பெட்டியில அவற்ர டிகோய் தாரா எட்டு வந்திருக்கு, தண்ணியில மிதக்கவிட்டு மற்றத் தாராக்களை இறக்கிற பொம்மை. ஆறு பிளாஸ்ரிக், எல்லாம் பச்சைத்தலை மலார்ட் ஆண். ரெண்டு மரம். பிளாஸ்ரிக்கில பெயின்ற் பொருக்குப் பொருக்கா கழண்டு நிக்குது, மரத்தில தலைப்பக்கம் மட்டும் வெடிச்சிருக்கு. எனக்கு சுடுறதுக்கு இல்லை, படம் எடுக்கத்தான். ஐப்பசி கார்த்திகையில மண்டைதீவுப் பக்கம் ஊசிவால், நாமத்தலை எண்ட ரெண்டு வகைக் காட்டுத் தாராவும் இறங்கும், ஆனா கிட்ட வராதுகள், இதை மிதக்கவிட்டா வருமோ எண்டு ஒரு ஆசை. கேற்றுக்கு அடிச்ச எனாமல் அரை டின் வீட்டில கிடக்கு, அதையே அடிக்கலாமோ? எல்லாத்தையும் ஊசிவாலா மாத்தலாம் எண்டு நினைக்கிறன்.

தூரிகை:
தம்பி, எனாமலைத் தொடாதேங்கோ. அது காய்ஞ்சா கண்ணாடி மாதிரி மினுங்கும், எங்கட வெய்யிலுக்கு மேல பறக்கிற தாராவுக்கு அந்த மினுக்கம்தான் முதல்ல தெரியும், அப்பிடியே திரும்பிப் போயிடும். உங்களுக்குத் தேவை மற் அக்றிலிக், அதாவது மினுங்காத அக்றிலிக் பெயின்ற். ஹாட்வெயார் கடையில வெளிச்சுவர் பெயின்ற் எண்டு கேட்டா கனக்க நேரம் கொஞ்சம் மினுக்கம் உள்ளதைத்தான் தருவினம், டின்னில மற் எண்டு போட்டிருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ. முதல் பாத்திரம் கழுவுற சோப்பில தேய்ச்சுக் கழுவி, 220 சாண்ட் பேப்பரால சொரசொரப்பாக்கி, பிளாஸ்ரிக் பிறைமர் ஒரு கோட் அடியுங்கோ, இல்லாட்டி எந்தப் பெயின்றும் அதில நிக்காது, திரும்ப உரியும். பிறகு மெல்லிசா ரெண்டு கோட். மத்தியான வெய்யிலுக்க வைச்சு அடிக்காதேங்கோ, தூரிகையை எடுக்க முதல் காய்ஞ்சிடும்.

ஒரு இடத்துக்கு மட்டும் ஒயில் பெயின்ற் வேணும். ஆண் தாராவின்ர விலாவில மெல்லிய சாம்பல் கோடு கோடா வருமெல்லோ, அதுக்கு பழைய அமெரிக்கக் கைவினைக்காரர் சீப்புப் பாவிச்சவை. வெளிர் நிறம் அடிச்சுக் காயவிட்டு, மேல கடும் சாம்பல் ஒயில் பெயின்ற் பூசி, ஈரமா இருக்கேக்க சீப்பால இழுக்க அடி நிறம் கோடு கோடா தெரியும். அக்றிலிக்கில செய்ய வெளிக்கிட்டா பாதியில இறுகிப் போகும். ரியூப் பெயின்ற்றை முதல் ஒரு காட்போட்டில பிதுக்கி கொஞ்ச நேரம் விடுங்கோ, எண்ணெயை காட்போட் உறிஞ்சும், மினுக்கமும் குறையும். அக்றிலிக்குக்கு மேல ஒயில் வரலாம், மாறி அடிக்கக் கூடாது.

ஒன்ராறியோக்காரன்:
அந்த மரத்தாரா ரெண்டையும் பெயின்ற் அடிக்காதேங்கோ, தயவுசெய்து! கவிட்டுப் பாருங்கோ, அடியில செதுக்கினவற்ர பேரோ சூட்டு முத்திரையோ இருக்கலாம். இஞ்ச சேகரிக்கிற ஆக்கள் காசு குடுக்கிறதே முதல் அடிச்ச பெயின்றுக்குத்தான், மேல திரும்ப அடிச்சா மதிப்பு விழுந்திடும். மாசசூசெட்ஸ்காரர் எல்மர் குரோவெல் செதுக்கின ஊசிவால் ஒண்டு 2007 இல பத்து லட்சம் டொலருக்கு மேல போனது. உங்கடது அப்பிடி எண்டு சொல்லேல்லை, ஆனா அழிச்சுப் போட்டுப் பிறகு அழேலாது. இன்னொண்டு, அமெரிக்காவில வீட்டுப் பெயின்ற்றில ஈயத்தைத் தடை செய்தது 1978 இலதான், அதால பழைய பெயின்ற்றைச் சுரண்டினா ஈயத்தூள் பறக்கும். அடியில கட்டுற பாரமும் கனக்க நேரம் ஈயம்தான். சின்னப் பிள்ளையளிட்டக் குடுக்காதேங்கோ.

சரசாலைக் குருவி:
மலார்ட் உடம்பை ஊசிவாலாக்கேலாது தம்பி, ஊசிவாலுக்கு கழுத்து நீளம், வால் கம்பி மாதிரி நீண்டிருக்கும். நாமத்தலையா மாத்துங்கோ, அது கட்டைக் கழுத்து. தலை செம்மண் நிறம், நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் வெண்மஞ்சள் நாமம், நெஞ்சு மங்கின இளஞ்சிவப்பு, விலா சாம்பல், வாலடி கறுப்பு. மலார்ட் சொண்டு மஞ்சள், அதை மறக்காமல் நீலச்சாம்பலா மாத்தி நுனிக்குக் கறுப்பு வையுங்கோ. ஆறையும் ஆணா அடிக்காதேங்கோ. முதல் வந்து இறங்கேக்க ஆண்களும் பெட்டை மாதிரி மண்ணிறமாத்தான் இருக்கும், அந்த வடிவான நிறம் பிறகுதான் ஏறும். நாலு மண்ணிறம், ரெண்டு ஆண் எண்டா பொருந்தும். சுண்டிக்குளத்துக்குள்ள மட்டும் கொண்டு போகாதேங்கோ, அது 2015 இல இருந்து தேசியப் பூங்கா. மற்ற இடத்திலயும் ஒரு மணித்தியாலத்தில எடுத்திடுங்கோ, களைச்சு வாற பறவையளை அலைக்கழிக்கக் கூடாது.

வடமராட்சியான்:
எல்லாருக்கும் கனக்க நன்றி. மரத்தாரா ரெண்டையும் தொடேல்லை, கவிட்டுப் பாத்தன், முத்திரை ஒண்டும் இல்லை, பெரியப்பா பென்சிலால தன்ர பேரின்ர முதல் எழுத்தும் ஒரு ஏரியின்ர பேரும் எழுதி வைச்சிருக்கிறார். அது அப்பிடியே அவற்ர படத்துக்குப் பக்கத்தில இருக்கு.

பிளாஸ்ரிக்கில ஒண்டு முடிச்சிட்டன். அம்மம்மாவின்ர பேன் சீப்பை வாங்கி விலாவில இழுத்தன், முதல் தரம் பெயின்ற் தடிப்பாப் போய் பல்லுக்க அடைஞ்சு போச்சு, துடைச்சிட்டு டர்பன்டைன் ரெண்டு துளி விட்டு, கையைக் கொஞ்சம் நடுக்கி நடுக்கி இழுக்க, மயிரிழை மாதிரி சாம்பல் கோடு அலையலையா விழுந்திச்சு. கிணத்தடித் தொட்டியில மிதக்கவிட்டுப் பாத்தன், வெய்யில் நேர படேக்கையும் மினுங்கேல்லை. இப்ப மழை தூறுது, மிச்சம் அஞ்சும் வெளிச்சபிறகுதான். குருவி அண்ணை, பெட்டைக்கு நெஞ்சு என்ன மண்ணிறம், செங்கல் மாதிரியோ இல்லாட்டி தேத்தண்ணி மாதிரியோ?