வெற்றுப் பெயர்களைச் சரியாகக் கண்டறிய உதவி தேவை

வணக்கம். களுவாஞ்சிகுடியில் ஒரு நெல் ஆலைக்காக, விவசாயிகளின் விபரங்களைப் பதியும் மென்பொருளை ஜாவா 11இல் எழுதுகிறேன். எக்செல் கோப்பிலிருந்து வரும் தந்தை பெயர் சில வரிகளில் நல் (null, அதாவது மதிப்பே இல்லாத நிலை) ஆகவும், சிலவற்றில் நீளம் பூச்சியமான சரமாகவும் (எழுத்துத் தொடர், string), வேறு சிலவற்றில் வெறும் இடைவெளிகளாகவும் இருப்பதால், நல் தானா என்று முதலில் பார்த்து, அதன் பின்னரே, சரம் வெறுமையானதா என்று சொல்லும் இஸ்பிளாங்க் (isBlank) முறையை அழைக்கிறேன். வரிசை மாறினால் நல்பாயிண்டர் எக்செப்ஷன் என்ற பிழை வந்துவிடும். அதைப் பட்டுத்தான் அறிந்தேன்.

ஆயினும், வரி முறியாமல் தடுக்கும் இடைவெளியான நோ-பிரேக் ஸ்பேஸை இஸ்பிளாங்க் வெற்றிடமாகக் கணிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல எழுத்துகளும் அவ்வாறே தப்பிவிடுகின்றன. ‘ரிக்‌ஷா’ போன்ற சொற்களில் க், ஷ ஆகியவை ஒட்டாதிருக்க அத்தகைய எழுத்தொன்று தேவைப்படுவதால், எல்லாவற்றையும் நீக்கிவிடவும் தயங்குகிறேன்.

சேமிக்கும் பெயரை மாற்றாமல், சோதனைக்கு மட்டும் இவற்றை நீக்கிப் பார்ப்பது முறையா? பெயரே இல்லாதவர்களுக்குத் தரவுத்தளத்தில் நல் இடுவதா, வெற்றுச் சரம் இடுவதா? அனுபவமுள்ளோர் அறியத்தந்தால் நன்றியுடையேன்.