புதுப்பிப்பு: மழை வந்தால் கீழ்வீட்டு குளியலறையில் பொங்கிய கழிவுநீர்

போன மாசம் எழுதியிருந்தேன்: சென்னைப் புறநகரில் எங்க பழைய அப்பார்ட்மெண்ட், மழை பெய்தால் மட்டும் கீழ்வீட்டு நஹானி ட்ராப் (குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் துளை) வழியே சாக்கடைத் தண்ணீர் மேலே வரும்னு. பலர் "மெயின் லைன் அடைப்பு" என்றீர்கள். அடைப்பே இல்லை.

கழிவுநீர்ச் சேம்பர் (குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்துவைத்து, மொட்டைமாடியில் ரெண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அடுத்த நிமிஷமே சேம்பரில் சலசல. மொட்டைமாடி மழைநீர்க் குழாயை யாரோ கழிவுநீர்ச் சேம்பரோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள்! சென்னையில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிப் பாதை. இப்படி இணைப்பது விதிமீறல். 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்க கிணறு அதற்காகவே இருக்கிறது, குழாய்தான் அங்கே போகவில்லை.

இப்போ குழாயைத் துண்டித்து, ஜல்லி-மணல் வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்பியாச்சு. தோண்டும்போது இன்னொன்றும் தெரிந்தது: தெரு இணைப்புக்குப் போகும் நாலு இஞ்ச் குழாய் கிட்டத்தட்ட சமமாகக் கிடந்தது. 40 அடிக்கு ஒரு அடி சரிவு வேணும் என்பது கொத்தனார் முதல் இன்ஜினியர் வரை சொல்லும் கணக்கு. அதையும் மாற்றினோம்.

ஒருவர் "ஆளை இறக்கிச் சுத்தம் பண்ணுங்க" என்று எழுதியிருந்தார். அண்ணே, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம், உயிரும் போகும். சேம்பரில் தேங்கிய சேற்றை உறிஞ்சும் லாரிதான் எடுத்தது.

நேற்று ராத்திரி நல்ல மழை. கீழ்வீட்டு அக்கா காலையில் காபி கொடுத்தனுப்பினார்.