ஹெச்டி டிவிடி – புளூ-ரே சண்டையில் உங்கள் ஊர்க் கடை எந்தப் பக்கம் நின்றது?

டல்லாஸ்வாசி:
டிவிடிக்கு அடுத்த உயர்தெளிவு டிஸ்க் எது என்று தோஷிபாவின் ஹெச்டி டிவிடியும் (சிவப்பு டப்பா) சோனியின் புளூ-ரேயும் (நீல டப்பா) மோதிக்கொண்டன, ஒன்றின் டிஸ்க் மற்றதன் பிளேயரில் ஓடாது. தோஷிபா, சோனி, பட ஸ்டுடியோக்கள் கதையெல்லாம் எழுதித் தீர்த்தாகிவிட்டது. கடைக்குள் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு வேண்டும், 2006 முதல் 2008 தொடக்கம் வரை அதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். என் பங்கு இது.

2007 கோடையிலேயே எங்கள் ஏரியா பிளாக்பஸ்டர் வீடியோ வாடகைக் கடையில் நீல டப்பாக்கள்தான். 250 கடைகளில் இரண்டையும் வாடகைக்கு விட்டுப் பார்த்தார்கள், 70 சதவீதத்துக்கு மேல் புளூ-ரேதான் போகிறது என்று புதிதாகச் சேர்த்த 1,450 கடைகளுக்கு அதை மட்டும் அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் டார்கெட் கடைகளும் அப்படித்தான், பண்டிகை சீசனுக்குத் தனி பிளேயர் என்றால் சோனியின் புளூ-ரே மட்டும். ஹெச்டி டிவிடி டிஸ்க்கும் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியில் மாட்டுகிற ஹெச்டி டிவிடி டிரைவும் ஒரு ஓரத்தில் கிடந்தன.

சரி, கதை முடிந்தது என்று நினைத்தால் நவம்பர் 2 வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை. வால்மார்ட்டில் தோஷிபாவின் ஹெச்டி-ஏ2 என்ற ஹெச்டி டிவிடி பிளேயர் விலை 98 டாலர் 87 சென்ட்! அந்த வகையின் முதல் பிளேயர் ஒன்றரை வருஷம் முன்னால் 499 டாலருக்கு வந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் போனபோது வண்டியில் இரண்டு மூன்று பெட்டி வைத்துக்கொண்டு போகிறார்கள், பலருக்கு அது என்னவென்றே தெரியவில்லை, நூறு டாலருக்குள் ஏதோ நல்ல டிவிடி பிளேயர் என்று எடுத்தார்கள். (அது பொய்யுமில்லை, சாதாரண டிவிடியை அது காட்டிய அழகே தனி.) வேடிக்கை என்னவென்றால் அதே நாளில்தான் புளூ-ரேயும் ஓடுகிற சோனி கேம் பெட்டி பிளேஸ்டேஷன் 3இன் 399 டாலர் மாடல் வெளியானது. ஒரே கடையில் இந்தப் பக்கம் நூறு, அந்தப் பக்கம் நானூறு. நான் நூறை எடுத்தேன், கூடவே தபாலில் வரும் ஐந்து இலவசப் படங்களும் கிடைத்தன, குறையொன்றும் இல்லை.

எடிசன் பையன்:
நான் அப்போது நியூஜெர்சியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பகுதிநேர வேலை. பெயர் வேண்டாம். நாள் முழுக்க ஒரே கேள்வி: "இதில் எது ஜெயிக்கும்?" மேனேஜர் சொல்லிக் கொடுத்த பதில், "இரண்டும் நல்லதுதான், உங்களுக்குப் பிடித்த படம் எதில் வருகிறதோ அதை வாங்குங்கள்." அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் எதையும் வாங்காமல் போய்விடுவார்கள். கடைக்காரனுக்கு அதுதான் எரிச்சலே. எந்தப் பக்கம் படம் தெளிவு, எதில் 30 ஜிபி, எதில் 50 ஜிபி என்பதெல்லாம் இணையத்தில் அடித்துக்கொண்டவர்களின் கவலை. கடைக்கு வேண்டியது ஒன்றுதான், யாராவது ஒருத்தன் சீக்கிரம் தோற்க வேண்டும்.

2008 ஜனவரி 4 அன்று, இரண்டிலும் படம் விட்டுக்கொண்டிருந்த வார்னர் ஸ்டுடியோ புளூ-ரே பக்கம் போனதும் கடையில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த சில நாட்களில் ரசீதோடு வந்து நின்றார்கள், கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பெட்டி அப்படியே. தோஷிபா விலையைக் குறைத்துக்கொண்டே இருந்தது, சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் விளம்பரம்கூடப் போட்டது, நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம், ஏனென்றால் சிவப்பு டப்பா அலமாரியில் பாதியைக் காலி செய்து புளூ-ரேக்குக் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு ஏற்கெனவே உத்தரவு வந்துவிட்டது. மீதியை எப்போது எடுப்பது என்பதுதான் பாக்கி. பிப்ரவரி 11இல் பெஸ்ட் பை கடைகளும், அப்போது டிஸ்க்கைத் தபாலில் வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸும் ஒரே நாளில் புளூ-ரே பக்கம் சாய்ந்தன, 15இல் வால்மார்ட், 19இல் தோஷிபாவே ஹெச்டி டிவிடியைக் கைவிட்டது. மூன்று மாதம் முன்னால் நூறு டாலருக்கு அள்ளி விற்ற அதே வால்மார்ட்தான் கடைசி ஆணியையும் அடித்தது, கவனியுங்கள்.

எங்கள் கடையில் ஒரு அசிங்கமும் நடந்தது. வால்மார்ட் அறிவித்த அந்த வாரக் கடைசியிலும் ஒரு வயதான தம்பதிக்கு ஹெச்டி டிவிடி பிளேயரைத் தலையில் கட்டி அனுப்பினார் சீனியர் ஒருவர். "ஸ்டாக் தீரணும்ல" என்றார்.

ஈஸ்ட்ஹாம்:
லண்டனிலும் இந்தக் கூத்து நடந்தது. வூல்வொர்த்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் 2008 ஜனவரியிலேயே, மார்ச் முதல் கடைகளில் புளூ-ரே மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜெயிக்கிற கட்சியில் சேர்ந்து என்ன பிரயோஜனம், அடுத்த ஜனவரிக்குள் வூல்வொர்த்ஸே இல்லை, கடைசிக் கடை வரை மூடிவிட்டது. அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் திவாலானது 2010இல்.

டல்லாஸ்வாசி:
@எடிசன் பையன், அந்தத் தம்பதி விஷயம் கேட்கவே சங்கடமாக இருக்கிறது. அவர்கள் திரும்ப வந்தார்களா? பெஸ்ட் பை, தன்னிடம் ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் கிஃப்ட் கார்டு கொடுத்தது, என் நண்பனுக்கு வந்தது. அவன் அதை வைத்து என்ன வாங்கினான் என்று கேட்காதீர்கள், புளூ-ரே டிஸ்க்.

எடிசன் பையன்:
வந்தார்கள். மேனேஜர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார், சீனியர் அன்று லீவு.

கோவை ரிட்டர்ன்:
நான் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது என் ஹெச்டி டிவிடி பிளேயரையும், தள்ளுபடியில் வாரிய சிவப்பு டப்பாக்களையும் கொண்டுவந்தேன். ஹெச்டி டிவிடிக்கு ரீஜன் பூட்டே கிடையாது, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். புளூ-ரேயில் உலகத்தையே மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், அமெரிக்கா ஏ, நாம் சி, அங்கே பூட்டுப் போட்ட டிஸ்க் இங்கத்திய பிளேயரில் ஓடாது. இதைச் சொல்லி விற்ற ஒரு கடைக்காரரையும் நான் அமெரிக்காவில் பார்த்ததில்லை, அங்கே அது யாருக்கும் தேவைப்படவும் இல்லை. 110 வோல்ட் பெட்டி, அதனால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். இப்போது சில டிஸ்க்குகள் பாதிப் படத்தில் நின்றுவிடுகின்றன, கீறல் ஒன்றும் இல்லை. வைத்திருப்பவர்கள் பிளேயரைத் திட்டுவதற்கு முன்னால் வேறு டிஸ்க் போட்டுப் பாருங்கள்.