ரிப்போர்ட்டை எடிட் செய்யும் அனுமதி எல்லாருக்கும் வேண்டுமா?

உபி கணக்கர்:
சிங்கப்பூரில் எங்கள் கம்பெனியில் பவர் பிஐ (தரவைப் படமும் அட்டவணையுமாகக் காட்டும் மென்பொருள்) ரிப்போர்ட் என் பொறுப்பு. ரிப்போர்ட்டுகளைப் பகிர்ந்து வைக்கும் வொர்க்ஸ்பேஸில் உள்ள 28 பேரும் கான்ட்ரிபியூட்டர், அதாவது யாரும் எதையும் திருத்தலாம். போன மாதம் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) ரிப்போர்ட்டைத் திறந்தால், 2023 கடைசிக் காலாண்டின் வரி நாங்கள் வரி அலுவலகத்துக்கு ஏற்கெனவே தாக்கல் செய்த தொகையைவிட அதிகமாக இருக்கிறது. காரணம் தேட ஒன்றரை நாள் ஆனது. 2023இல் 8 விழுக்காடு, 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு என்று தேதி பார்த்துக் கணக்கிடும்படி சூத்திரம் எழுதியிருந்தேன். யாரோ நல்லெண்ணத்தில் அதைச் சுருக்கி, எல்லாத் தேதிக்கும் 9 என்று போட்டுவிட்டார். என்னையும் இன்னொருவரையும் தவிர அனைவரையும் வியூவர், அதாவது பார்க்க மட்டும் முடிகிறவர், ஆக்கப் போகிறேன். மேலாளர் சரி என்கிறார், கிடங்குப் பிரிவு கடுமையாக எதிர்க்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

துவாஸ் நைட் ஷிப்ட்:
அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் ஒருவர் செய்த தவறுக்கு 26 பேர் கையைக் கட்டுவது நியாயமில்லை. நான் இரவில் கிடங்கு பார்ப்பவன். இரண்டு மணிக்குக் கப்பல் தாமதம் என்று தகவல் வரும். எந்த கன்டெய்னரை முதலில் இறக்குவது என்று முடிவெடுக்க, ரிப்போர்ட்டைக் கப்பல் வாரியாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் இடத்தில் ஏற்கெனவே இப்படிப் பூட்டினார்கள். திருத்தம் வேண்டுமென்றால் படிவம் எழுதிக் கொடுத்து மூன்று வேலைநாள் காத்திருக்க வேண்டும். அப்புறம் எல்லாரும் எக்செலில் இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தோம். ஒரே கிடங்குக்கு நாலு இருப்புக் கணக்கு சுற்றியது. பவர் பிஐக்குள்ளேயே திருத்தினால் யார் எப்போது என்ன செய்தார் என்று பதியும் ஆக்டிவிட்டி லாக்கில் பெயராவது இருக்கும்.

உபி கணக்கர்:
பெயர் பதியும், தம்பி. பழைய சூத்திரம் என்ன, எந்த எண் மாறியது என்பதை அது சொல்லாது. அந்த ஒன்றரை நாள் அதற்குத்தான் போனது.

செங்காங் எச்ஆர்:
சூத்திரத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசவில்லை. எங்கள் ஓவர்டைம் ரிப்போர்ட்டில் அந்தந்தக் கிளை மேற்பார்வையாளர் தம் ஆட்களின் விவரத்தை மட்டும் பார்க்கும்படி வரிசைவாரிப் பாதுகாப்பு போட்டிருந்தோம். சார்ட்டின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று இருவர் கேட்டார்கள், கான்ட்ரிபியூட்டர் ஆக்கினோம். அந்தக் கட்டுப்பாடு வியூவருக்கு மட்டும்தான் வேலை செய்யும். கான்ட்ரிபியூட்டர், மெம்பர், அட்மின் மூவருக்கும் எல்லா வரிசையும் தெரியும். எல்லாக் கிளை ஊழியர்களின் சம்பளமும் அவர்கள் திரையில் வந்துவிட்டது. சம்பளம் வெளியே தெரிந்த பிள்ளைகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 2022 அக்டோபர் முதல் அபராதம் ஒரு மில்லியன் வெள்ளி வரை போகலாம். சிங்கப்பூரில் ஆண்டு விற்றுமுதல் 10 மில்லியனைத் தாண்டும் நிறுவனம் என்றால் அதில் 10 விழுக்காடு வரை. ஒரு சார்ட் நிறத்துக்காக இதை ஏற்க முடியுமா?

துவாஸ் நைட் ஷிப்ட்:
சம்பள விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். அதைப் பூட்டத்தான் வேண்டும். ஆனால் கன்டெய்னர் பட்டியலில் யாருடைய சம்பளமும் இல்லையே. இரண்டையும் ஒரே பூட்டுக்குள் ஏன் வைக்கிறீர்கள்?

பாசிர் ரிஸ் டெவலப்பர்:
இடையில் ஒரு வழி இருக்கிறது. அனைவரையும் வியூவர் ஆக்குங்கள், தேவைப்படுபவருக்கு ரிப்போர்ட்டுக்கு அடியில் உள்ள டேட்டா மாடல் (தரவும் சூத்திரமும் இருக்கும் இடம்) மேல் பில்ட் அனுமதி மட்டும் கொடுங்கள். அதே தரவை வைத்து அவர்கள் தங்கள் வொர்க்ஸ்பேஸில் சொந்த ரிப்போர்ட் போடலாம். மூல ரிப்போர்ட்டும் சூத்திரமும் அசையாது, வரிசைவாரிப் பாதுகாப்பும் அப்படியே நிற்கும். பார்வையை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு 'பெர்சனலைஸ் விஷுவல்ஸ்' வசதியைத் திறந்துவிட்டால் போதும். அவர் செய்யும் மாற்றம் அவருக்கு மட்டும் தெரியும்.

துவாஸ் நைட் ஷிப்ட்:
அண்ணே, இது நல்ல யோசனை, இரவில் பாதி வேலை இதிலேயே முடியும். ஆனால் எனக்கு வேண்டிய விவரமே மாடலில் இல்லையென்றால்? புதிய வாடிக்கையாளரின் சரக்குக் குறியீடு சனிக்கிழமை இரவில்தான் வந்து சேரும். பில்ட் வைத்து மூல மாடலில் அதைச் சேர்க்க முடியாது. கணக்குப் பிரிவு திங்கட்கிழமைதான் திறக்கும், லாரி அதுவரை நிற்காது.

செங்காங் எச்ஆர்:
அவசரம் என்றுதான் நாங்களும் அந்த இருவருக்குக் கொடுத்தோம்.

உபி கணக்கர்:
இரண்டு பேர் சொல்வதையும் யோசித்தேன். என் தவறும் ஒன்று உண்டு. ஜிஎஸ்டி, சம்பளம், கிடங்கு மூன்றையும் ஒரே வொர்க்ஸ்பேஸில் போட்டுவைத்திருக்கிறேன். இந்த வாரமே பிரிக்கிறேன். ஜிஎஸ்டியிலும் சம்பளத்திலும் மற்ற எல்லாரும் வியூவர்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. தேவைப்படுபவர்களுக்குப் பில்ட். கிடங்கு வொர்க்ஸ்பேஸில் மட்டும் இரவு ஷிப்டில் ஒருவரைக் கான்ட்ரிபியூட்டராக விடுகிறேன், திருத்தும் முன் பழைய கோப்பை இறக்கி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

துவாஸ் நைட் ஷிப்ட்:
ஒருவர் போதாது, அக்கா. அவர் ஊருக்குப் போய்விட்டால் மறுபடி வாட்ஸ்அப் எக்செல்தான். இரண்டு பேராக்குங்கள்.