மறதி வளைவா, நினைவு மிச்சமா: மூத்தோர் கையேட்டுக்கு ஒரு சொல்

கையேட்டைத் தொகுப்பவர்:

அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் மூத்தோருக்காக நடக்கவிருக்கும் நினைவாற்றல் பயிலரங்கின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் மட்டும் முடிவாகவில்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு அவற்றையே மறுபடி கற்கும்போது எவ்வளவு நேரம் குறைகிறது என்று தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்ட முடிவுகளைக் கோட்டுப்படமாகத் தருகிறோம். ‘மறதி வளைவு’ என்று எழுதலாம்தான். ஆனால் நம் ஊரில் மறதி என்றாலே மூத்தோர் காதில் முதுமை மறதிநோய் என்றுதான் விழுகிறது. நோயற்றவருக்கும் இயல்பாக நிகழ்வதைக் காட்டும் படம் அவர்களை அச்சுறுத்தக் கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘மறப்பு வளைவு’ என்பதே பொருந்தும். மறதி என்பது ஒருவரின் குறையைச் சுட்டுவதாகப் புழங்கிவிட்டது. மறப்பு என்பதோ தொழிற்பெயராக நின்று நிகழ்வை மட்டும் சொல்கிறது. ‘மறப்பறியேன்’ என்று வள்ளுவரே 1125ஆம் குறளில் ஆண்டிருக்கிறார். மறதியைக் குறிக்கும் பொச்சாப்பு என்னும் அருஞ்சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். அது உவகை மிகுதியால் வரும் சோர்வு என்று 531ஆம் குறள் உணர்த்துவதால் இங்கு ஒவ்வாது.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அந்தக் கோடு மறந்ததைக் காட்டவில்லை, எஞ்சியதைக் காட்டுகிறது. முதலில் கற்க ஆன நேரத்தில், மறுபடி கற்கையில் மீந்தது 20 நிமிடத்துக்குப் பின் ஏறத்தாழ 58 விழுக்காடு, ஒரு நாளுக்குப் பின் 34, 31 நாளுக்குப் பின் 21. சரிவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் கோடு மெல்லத்தான் இறங்குகிறது. சிறு வயதில் கற்ற ஆத்திசூடியை இன்று ஒப்பிக்க முடியாத பாட்டி, பேத்தியோடு உட்கார்ந்து படித்தால் பேத்திக்கு முன்பே மனப்பாடம் செய்துவிடக்கூடும். எபிங்ஹாஸ் அளந்தது இத்தகைய மிச்சத்தைத்தான். நேரத்தை மிச்சம் பிடித்தோம் என்றும் சோறு மிச்சம் இருக்கிறது என்றும் ஒரே சொல்லால் சொல்கிறோம். அவரது அளவையிலும் இவ்விரு பொருளும் இருப்பதால் ‘நினைவு மிச்சம்’ என்று முன்மொழிகிறேன்.

தமிழாசிரியர்:

மிச்சத்துக்கு ‘மிச்சில் மிசைவான்’ என்ற குறள் துணைநிற்கும் என்பதை ஏற்கிறேன். எனினும் அது உண்டு எஞ்சிய உணவு. எஞ்சுதலே கருத்தென்றால் ‘நினைவெச்சம்’ என்பது செறிவானது. மேலும், ஆசிரியர் சொன்னதை மாணவன் நன்றாக உள்வாங்கினாலும் ‘கால்கூறு அல்லது பற்றலன் ஆகும்’, அதாவது காற்பங்குக்கு மேல் பற்றமாட்டான், என்று நன்னூல் சொல்கிறது. எபிங்ஹாசின் எண்களும் ஆறாம் நாளில் ஏறத்தாழ 25 விழுக்காட்டில் நிற்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

நன்னூலார் சொல்வது கற்கும்போதே பற்றும் அளவை. உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால், பிறர்க்கு எடுத்துரைத்தால் மீதி இரு கால் என்று அது வளர்ந்து நிறைவதையே அவர் பேசுகிறார். நாள்பட்டுத் தேய்வதற்கு அதைச் சான்றாக்குவது அந்த நூற்பாவுக்கு நியாயம் செய்வதாகாது. எச்சமோ பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்துக்கு உரியதாகிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் காயப்போட்ட துணியில் மைனா இடுவதற்கும் அதுவே பெயர். கையேட்டைப் படிக்கப்போகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

உளவியல் பயிற்றுநர்:

ஒன்றைச் சேர்க்கிறேன். பள்ளியில் ஸ்பானிய மொழி கற்றவர்களை 50 ஆண்டு இடைவெளி வரை ஆராய்ந்த ஹாரி பாரிக், முதல் சில ஆண்டுகளில் இழப்பு மிகுந்தாலும் அதன்பின் ஒரு பகுதி பல்லாண்டுகள் குறையாமல் நிற்பதை 1984இல் காட்டினார். மூத்தோருக்கு நாம் சொல்லவேண்டிய செய்தி இதுவே. ஆகவே நானும் மிச்சத்தின் பக்கம்.

தொகுப்பவர்:

அச்சகம் காத்திருப்பதால், பெரும்பான்மைக் கருத்தை ஏற்று ‘நினைவு மிச்சக் கோடு’ என்று அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:

கையேட்டுக்கு அது போதும். கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு நான் இசையவில்லை. மறப்பின் வேகம், மறப்புக் கொள்கை, மறப்புக்கான காரணம் என்று ஒரு துறையே அச்சொல்லை வேண்டி நிற்கும்போது, மிச்சத்தை வைத்துக்கொண்டு அவற்றுக்கெல்லாம் எப்படிப் பெயரிடுவது என்பதை அன்பர்கள் விளக்கவேண்டும்.