மரைனர் பள்ளத்தாக்கைத் தோண்டியது ஆறா?

செம்மண்: செவ்வாயின் மரைனர் பள்ளத்தாக்கு ஒரு பேராறு அரித்த இடமாம். நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். 4,000 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 7 கிலோமீட்டர் ஆழம். அதை ஆறு தோண்டவில்லை. பக்கத்தில் தார்சிஸ் மேட்டுநிலம் உப்பியபோது மேலோடு இழுபட்டுப் பிளந்து, நடுப்பகுதி கீழே இறங்கிவிட்டது.

நீரோட்டம்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கிழக்கு முனையைப் பார்த்தீர்களா? அங்கிருந்து கிறைசி சமவெளிப் பக்கம் பெரிய பெரிய வெள்ளத் தடங்கள் போகின்றன. தண்ணீர் இல்லாமல் எப்படி வந்தன?

செம்மண்: கிழக்கு முனை வேறு, பள்ளத்தாக்கு வேறு. தோண்டியது ஆறு இல்லை.

வானம்பாடி: பள்ளத்தாக்கு, வாய்க்கால், பிளவு எல்லாவற்றையும் கலந்து பேசுகிறீர்கள். எதை எதென்று முதலில் முடிவு செய்யலாமே?

செம்மண்: முடிவு செய்ய என்ன இருக்கிறது? மேற்கு முனையில் நாக்டிஸ் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். காய்ந்த களிமண் வெடித்த மாதிரி பள்ளங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று வெட்டுகின்றன. எந்த ஆறு அப்படி ஓடும்?

நீரோட்டம்: 2012-ல் செவ்வாயின் கேல் பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த படம் மறந்துபோச்சா? முனை மழுங்கிய கூழாங்கற்கள், மணலோடு சேர்ந்து இறுகிக் கிடக்கின்றன. காற்று தூக்க முடியாத அளவு. ஓடும் தண்ணீர் உருட்டியவை.

செம்மண்: கேல் எங்கே, மரைனர் எங்கே! போன மாதமும் இதே வேலைதான். வெள்ளிக்கோளின் பால்டிஸ் தடம் சுமார் 6,800 கிலோமீட்டர் என்றதும் "அதுவும் ஆறு" என்றீர்கள். 460 பாகை கொதிக்கும் தரையில் ஆறு! எரிமலைக் குழம்பு ஓடிய தடம் என்று விளக்கியும் ஒப்புக்கொள்ளவில்லை.

நீரோட்டம்: "ஏதோ ஒன்று ஓடியிருக்கிறது" என்றுதான் எழுதினேன். திரித்துப் பேசுவதே உங்கள் பழக்கம்.

வானம்பாடி: 1877-ல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கண்ட கோடுகளை 'கனாலி', அதாவது வாய்க்கால்கள், என்று எழுதியதை, யாரோ வெட்டிய கால்வாய் என்று எடுத்துக்கொண்டு எத்தனை வருடம் குழம்பினார்கள்! அதனால்தான் சொல்கிறேன், சொல்...

செம்மண்: இங்கே ஸ்கியாபரெல்லியை யார் கேட்டது? மேற்கு முனைக்குப் பதில் வேண்டும்.

நீரோட்டம்: சரி, இரவு கிழக்கு முனைப் படம் போடுகிறேன்.

செம்மண்: மேற்கு முனை என்றேன்.