ஆயுட்கால ரசிகருக்குக் காமிக்ஸ் மதிப்புரை எழுதத் தகுதி உண்டா?

குண்டாறு (செங்கோட்டை):
இரும்புக்கை மாயாவி காமிக்ஸின் மறுபதிப்பு ஒன்றைப் பற்றி இங்கே அண்மையில் வந்த மதிப்புரைகளைப் படித்தேன். ஒருவர் பழைய தாளின் வாசனையை எழுதுகிறார். இன்னொருவர் சித்தப்பா வாங்கிக்கொடுத்த கதையை எழுதுகிறார். மூன்றாமவர் கணக்கு நோட்டுக்குள் ஒளித்துப் படித்த வீரத்தை எழுதுகிறார். யார் வரைந்தது, கதை எங்கே தொய்கிறது என்பதற்கு எல்லாவற்றையும் சலித்தாலும் நாலு வரி தேறாது. சிறுவயது முதல் படித்துவருபவர்கள் தாராளமாக ரசிகர் கடிதம் எழுதட்டும். அதை மதிப்புரை என்று சொல்லி என் தலையில் கட்டாதீர்கள்.

வேலந்தாவளத்தான்:
அண்ணாச்சி, காரம் தூக்கலாக இருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி வந்தபோது படித்த பையன்கள்தான் இன்றும் முன்பணம் கட்டிப் புத்தகம் வாங்குகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் மறுபதிப்பு ஏது, மதிப்புரை ஏது? அதோடு, புதிதாக வருபவருக்கு என்ன தெரியும்? மாயாவியின் நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டேல், ஆரம்பக் கதையில் அவர் குற்றவாளி. பிறகுதான் திருந்தி உளவுப் பணிக்கு வந்தார். இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல) அப்படித்தான், குற்றச் சக்கரவர்த்தியாக இருந்து கட்சி மாறியவர். ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இதையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் சொல்லாமல் யார் சொல்வார்கள்? கோயம்புத்தூர் போகிறவர் யாராவது வாங்கிவந்தால்தான் எங்கள் ஊருக்குத் தமிழ் காமிக்ஸ். இருக்கிற நாலு வாசகர்களையும் விரட்டிவிடாதீர்கள்.

குண்டாறு:
தம்பி, சீகல் எழுதினார் என்பது தகவல். அது பக்கத்தில் எங்கே தெரிகிறது என்று காட்டினால்தான் விமர்சனம். நான் மாயாவியையே எடுத்துக்கொள்கிறேன். 1962இல் பிரிட்டனின் வாலியண்ட் வார இதழில் வாரத்துக்குச் சில பக்கங்களாக வெளிவரத் தொடங்கிய தொடர் அது. அடுத்த வாரமும் பையன்கள் காசு கொடுத்து வாங்க வேண்டுமே! அதனால் சில பக்கங்களுக்கு ஒருமுறை கிராண்டேல் சாவின் வாயில் நிற்பார், அடுத்த பக்கத்தின் தொடக்கத்திலேயே தப்பித்துவிடுவார். ஒரே புத்தகமாகப் படிக்கும்போது இது அலுப்புத் தட்டுகிறது. எந்த ரசிகராவது இதை எழுதினாரா?

பாராட்டவும் உங்களுக்குத் தெரியவில்லை. ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கட்டங்களைப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிஞ்சும். ஆளே இல்லாத கட்டம் அது. இருந்தும் அவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், அவசரமாக இருக்கிறாரா பதுங்குகிறாரா என்பதெல்லாம் மணிக்கட்டின் சாய்விலேயே புரிந்துவிடுகிறது. ஒரு கையை வைத்துக்கொண்டு முழு மனிதனை நடிக்க வைத்திருக்கிறார் பிளாஸ்கோ. இதைச் சொல்லச் சித்தப்பா எதற்கு?

நகரித் தறி:
இரண்டு பேருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் தமிழ் அம்புலிமாமா, பக்கத்து வீட்டில் தெலுங்கு சந்தமாமா. தோளில் வேதாளத்தைச் சுமந்து வரும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படம் இரண்டிலும் ஒன்றுதான். தெலுங்கு எழுத்து தெரியாத வயதிலும் அதைப் புரட்டிக் கதை கண்டுபிடித்தவன் நான். ஆகவே படத்தைப் பேசு என்று குண்டாறு அண்ணா சொல்வதை ஏற்கிறேன்.

ஆனால் பழைய புத்தகத்தின் நினைவே கூடாது என்பது அநியாயம். கௌபாய் நாயகன் கேப்டன் டைகரை எடுத்துக்கொள்ளுங்கள், பிரெஞ்சில் அவர் புளூபெரி. ஓவியர் ஜான் ஜிரோ அந்தக் கதைகளின் பாலைவனங்களைப் பெரிய ஆல்பத்துக்காக வரைந்தார். நாம் முதலில் படித்ததோ கறுப்பு வெள்ளையில், சிறிய அளவில். தூரத்தில் வரும் குதிரைக்காரன் மசித் துளியா மனிதனா என்றே தெரியாது. வண்ணத்தில் பெரிதாக வந்தபிறகுதான் கதாநாயகனுக்கு முன்பே அந்த ஆளை நாம் பார்த்துவிட வேண்டும் என்பது ஓவியரின் திட்டம் எனத் தெரிந்தது. பழைய பதிப்பைக் கையில் வைத்திருந்தவரால்தான் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியும்.

பாறசாலை டீச்சர்:
நினைவு வேறு, கண் வேறு. மாடஸ்டி பிளைசி என்ற காமிக்ஸ் நாயகியை முதலில் வரைந்த ஜிம் ஹோல்டவே 1970இல் இறந்தபிறகு, அவளை ரொமேரோ வரைந்தார். பெயரைப் பார்க்காமலே வரைந்த கோடுகளை வைத்து ஓவியரைச் சொல்லும் ரசிகர்களை எனக்குத் தெரியும். அந்தக் கண் மதிப்புரையில் ஏன் திறப்பதில்லை?

எங்கள் பக்கம் மலையாளத்தில் ஜி. அரவிந்தன் மாத்ருபூமி வார இதழில் 1961 முதல் பத்தாண்டுக்கும் மேலாக ஒரு தொடர் வரைந்தார். அதில் வரும் ராமு வேலையில்லாத நல்ல பையன். ஆண்டுகள் ஓட ஓடப் பணமும் பதவியும் சேர்கின்றன, குணம் தேய்கிறது. அவன் எந்த இடத்தில் வழுக்கினான் என்று இப்போதும் வாதாடலாம். நம் இத்தாலிய கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரைப் பற்றி யாராவது இப்படிச் சண்டை போட்டதுண்டா? மகன் கிட் வளர்ந்து துப்பாக்கி தூக்கிவிட்டான், அப்பாவுக்கு இன்னும் ஒரு நரை இல்லை.

வேலந்தாவளத்தான்:
டீச்சர், டெக்ஸை மட்டும் தொடாதீர்கள். அவர் தோற்க மாட்டார் என்பது 1948இல் பொனெல்லியும் கல்லெப்பினியும் அவரைப் படைத்த நாளிலிருந்தே ஊரறிந்த விஷயம். ஜெயிப்பாரா என்று பார்க்க யாரும் படிப்பதில்லை. எப்படிப் போய்ச் சேருகிறார் என்பதுதான் கதை. பெரும்பாலும் பக்கத்துக்கு மூன்று வரிசை, ஆறு கட்டம் போல அமைதியான அமைப்பு. கண்ணைப் பறிக்கும் வித்தை கிடையாது. அந்த நிதானத்தில் இரண்டு பேர் குதிரையில் பேசிக்கொண்டு போவதைப் பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு, ஒரே கட்டத்தில் துப்பாக்கி வெடிக்கும்போது தூக்கிவாரிப் போடும். ராமுவின் அளவுகோலை இங்கே நீட்டுவது தப்பு. ராமு மாறுவதற்காகப் பிறந்தவன், டெக்ஸ் மாறாமல் இருப்பதற்காகப் பிறந்தவர்.

குண்டாறு:
இதுதான் மதிப்புரை. இப்படி எழுதத் தெரிந்தும் ஏன் தாளை முகர்ந்துகொண்டிருக்கிறீர்கள்? ஆனால் நிதானம் என்று நீங்கள் சொல்வதில் பாதி, உட்கார்ந்து பேசும் தலைகள். கதாசிரியர் பக்கம் நிரப்புகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

வேலந்தாவளத்தான்:
அந்தத் தலைகளில் ஒன்று டெக்ஸின் நண்பர் கிட் கார்சனுடையது, அண்ணாச்சி. அவருடைய புலம்பலை வெட்டிவிட்டு ஒரு டெக்ஸ் கதையை முழுதாகப் படித்துப் பாருங்கள். முடித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.